ஒரு துண்டு, ஒரு ஆள்

"ஒருத்தன் போகாத இடத்துக்கு அவன் வேர்வை மட்டும் தனியா நடந்து போகுமா சார்?"

கேட்டவர் எதிர்த்தரப்பு வக்கீல் மரகதவல்லி. இலவச சட்ட உதவியில் வந்த வழக்குதான். ஆனால் அந்த அம்மாள் ஓசிக்கு வாதாடுகிற ஆள் மாதிரி வாதாடவில்லை. பின் பெஞ்சில் நாலு பேர் சிரித்தார்கள். சாட்சிக் கூண்டில் நின்ற இளம்பரிதி சிரிக்கவில்லை.

"போகாது" என்றான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. கைமாறிப் போக ஒரு வழியும் கிடையாதா?"

யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவனுக்குத் தெரியும். செங்கரட்டில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வாசலில் ஒரு நீல டிரம் இருக்கும். டிரம் நிறையத் தண்ணீர், அதில் எட்டுத் துண்டு. உள்ளே மிளகாய் நெடி ஆளைக் கொல்லும். மூட்டை தூக்கப் போகிறவன் ஒரு துண்டை எடுத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போவான். வெளியே வந்ததும் அவிழ்த்து டிரம்மில் போடுவான். அடுத்து வருகிறவன் அதையே எடுப்பான். இருபத்திரண்டு ஆளுக்கு எட்டுத் துண்டு. இது அவன் புத்தகத்தில் படித்ததல்ல. பதினேழு வயதில் ஒரு கோடை முழுக்க அந்த டிரம்மில் கைவிட்டு எடுத்துத் தன் மூக்கில் கட்டியவன்.

"அறிவியல்படி வழி இல்லை" என்றான்.

டைப் அடிக்கிற பெண் தட்டிவிட்டாள். பதிவில் ஏறிவிட்டது.

எதிரே குற்றவாளிக் கூண்டில் சோலையப்பன் நின்றுகொண்டிருந்தான். சுமை தூக்கித் தூக்கி வலது தோள் மட்டும் மேடு தட்டிப்போன உடம்பு. இளம்பரிதியை ஒரு தரம் பார்த்தான். தெரிந்தவனைத் தெரியாதவன் மாதிரி பார்ப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அது அவனிடம் இருந்தது. பிறகு மேலே ஓடாத மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

வழக்கு இதுதான். வடக்குத் தெருவில் தனியாக இருந்தவர் ரத்தினாவதி அம்மாள், எழுபத்திரண்டு வயது. போன வருஷம் பங்குனி மாதம் ஒரு பகலில், பதினோரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில், யாரோ வீட்டுக்குள் புகுந்து, வாயில் ஒரு துண்டைத் திணித்து அந்த அம்மாளைக் கொன்றுவிட்டு, பீரோவைத் திறந்து நகையை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே சந்தர்ப்ப சாட்சியம். போலீஸ் ஒரு சங்கிலி கோத்தது. கொலைக்கு நாலு நாள் முன்பு அந்தப் பீரோவை மாடியிலிருந்து கீழே முதுகில் ஏற்றி இறக்கியவன் சோலையப்பன். வீடு அவனுக்குப் பழக்கம். கொலை நடந்த நேரத்தில் தெரு முனை டீக்கடையில் அவனைப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரில் இல்லை. மொட்டை போடக் கோயிலுக்குப் போனதாகச் சொல்கிறான். நகை அவனிடம் அகப்படவில்லை. ஆனால் செத்தவர் வாயிலிருந்த துண்டில் அவன் வேர்வை இருந்தது.

முதல் மூன்று கண்ணியும் சணல். நாலாவதுதான் இரும்பு. அந்த இரும்பை அடித்துக் கொடுத்தவன் இளம்பரிதி.

மாநில ஆய்வகத்தில் 'வியர்வைத் தடயமானி' என்று அதற்குப் பெயர். போலீஸ்காரர்களுக்கு 'மூக்கு'. பழைய மோப்ப நாய்களை எல்லாம் தத்துக் கொடுத்துவிட்டு, ஒன்பது வருஷமாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு துணியை அதன் முன்னால் வைத்தால் போதும். நூலுக்குள் ஊறிய வேர்வையை நாற்பது நாள் வரைக்கும் முகர்ந்து, யாருடையது என்று பெயர் சொல்லும். தண்ணீரில் அலசினாலும் தப்பாது.

"உங்க மூக்குக்கு யார் யார் வேர்வை தெரியும்?" மரகதவல்லி விடவில்லை.

"பதிவு செஞ்சவங்க எல்லாரோடதும்."

"நீதிபதி ஐயாவோடது பதிவாகியிருக்கா? என்னோடது?"

"இல்ல. ஏற்கெனவே கைதானவங்க. அப்புறம்... தொழிலாளர் அட்டை வாங்கினவங்க. அட்டை கொடுக்கும்போது வேர்வை எடுப்பாங்க."

"அதாவது மூட்டை தூக்குறவன், கொத்தனார், சித்தாள், சாக்கடையில இறங்குறவன்."

"ஆமா."

"அப்போ கொலைகாரன் ஒரு பேங்க் மேனேஜரா இருந்தா உங்க மூக்குக்கு ஜலதோஷம் பிடிச்சிக்கும்."

பின் பெஞ்ச் மறுபடியும் சிரித்தது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேள்வியா கேளுங்கம்மா. பேச்சா பேசாதீங்க."

"கேட்டுட்டேன் ஐயா."

இளம்பரிதி கூண்டிலிருந்து இறங்கினான்.

சொந்த ஊர் வழக்கு, வேறு ஆளை அனுப்புங்கள் என்று டைரக்டரிடம் அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார். கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், அவன் பெட்டியைத் திறந்ததும் அறையிலிருந்த மூன்று பேரும் வரிசையாகத் தும்மினார்கள். அன்றிலிருந்து நாலு வருஷம் அவன் பெயர் 'வத்தல்'. அதற்குப் பிறகு அவன் யாரிடமும் உண்மை சொன்னதில்லை. மனைவி ஹேமலதாவின் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். கல்யாணத்தில் அவன் அப்பாவை 'கிட்டங்கி மேனேஜர்' என்று அறிமுகப்படுத்தினான். அவர் அன்று முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். மரியாதையான மனுஷர் என்று மாமனார் மெச்சினார். மூட்டைக் கொக்கி கிழித்த உள்ளங்கையை மறைத்துக்கொண்டு நின்றார் என்பது மகனுக்கு மட்டும் தெரியும்.

கோர்ட் வாசலில் மரகதவல்லி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாளன்னைக்கு எனக்கு ஒரு சாட்சி இருக்கு. துண்டுக் கதையைச் சொல்றதுக்கு."

"என்ன துண்டுக் கதை?"

"கிட்டங்கியில துண்டை மாத்தி மாத்திக் கட்டுவாங்களாம். யாரும் வந்து சொல்லமாட்டேங்குறான். வாயைத் திறந்தா தன்னையும் சேர்த்துருவாங்கன்னு பயம். ஒரே ஒரு பெரியவர் தானா வந்து பேர் கொடுத்தார். வேலாண்டின்னு." அவர் டீயை ஊதினார். "நல்ல மனுஷன். ஆபீஸுக்கு வந்து உட்காருங்கன்னா உட்காரமாட்டேங்குறார். நாற்காலியில நெடி ஒட்டிக்கும்னார்."

இளம்பரிதி விடைகூடச் சொல்லாமல் கிளம்பினான். வேலாண்டி அவன் அப்பா.

அங்கிருந்து அப்பா இருக்கிற லைன் வீடுகளுக்கு நடக்கிற தூரம்தான். மூன்று மணி வெயில். அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலாண்டி வெறும் மேலோடு உட்கார்ந்து கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கழுத்தும் தோளும் தோல் உரித்த மாதிரி சிவந்து கிடந்தன.

"வாய்யா. வெயிலோட வந்திருக்கியே. மருமக, புள்ள எல்லாம் சொகமா?"

"வாட்ச்மேன் வேலைக்கு மாறிட்டேன்னு சொன்னீங்க."

"வாட்ச்மேன்தான். ஆள் குறைஞ்சா ரெண்டு மூட்டை."

"ரெண்டு மூட்டைக்கா கழுத்து இப்படி வெந்திருக்கு?"

"சரி, நாப்பது. என்ன இப்போ? நீயும் வெசாரணை போட வந்துட்டியா?" அவர் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல."

"நாளன்னைக்கு சாட்சி சொல்லப் போறீங்களாம்."

"ஆமா."

"போகாதீங்க."

"ஏன்?"

"உங்களையும் சேர்த்துருவாங்கப்பா. அந்தத் துண்டுல உங்க வேர்வையும் இருந்துச்சுன்னா ரெண்டாவது குற்றவாளின்னு எழுதிருவாங்க. எனக்குத் தெரியும், நான் தினம் பார்க்குறேன்."

"சேர்த்தா சேர்க்கட்டும். எட்டுத் துண்டுலயும் இருபத்திரண்டு பேரும் இருக்கோம். எல்லாரையும் உள்ள வெச்சா மார்க்கெட்டுல லோடு எறக்க எவன் வருவான்? போலீஸ்காரனா வருவான்?"

"சோலையப்பன் செஞ்சிருக்க மாட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவன் செஞ்சான் செய்யலைன்னு நான் சொல்லப் போகல. டிரம்முல கெடக்குற துண்டு எவனுதும் கெடையாதுன்னு சொல்லப் போறேன். அது எனக்குத் தெரியும்." எண்ணெய்க் கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "உனக்கும் தெரியும்."

இளம்பரிதி தரையைப் பார்த்தான்.

"நீ இன்னைக்குக் கோர்ட்ல என்ன சொன்னேன்னு எனக்கு அப்பவே வந்துருச்சு. நம்ம ஆளுக பின்னாடி உக்காந்திருந்தாங்கல்ல. ஒருத்தனும் என்னைய ஒண்ணும் கேக்கல. டீக்கடையில மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்க. அவ்வளவுதான்."

"ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதைத்தான்பா நான் சொல்லணும்."

"வக்கீலம்மா சோலைகிட்ட கேட்டிருக்காங்க, இந்த லேப் ஆளைப் பத்தி ஏதாச்சும் தெரியுமான்னு. தெரியாதுன்னுட்டானாம். உனக்கு மூட்டைய எப்படி முதுகுல வாங்கணும்னு பழக்கிவிட்டவன் அவன். ஆயுள் தண்டனை வாங்கப் போறவன் உன்னையக் காப்பாத்திட்டு நிக்கிறான்."

"அப்பா, சொன்னாக் கேளுங்க. உங்க வயசுக்கு ஜெயில்..."

வேலாண்டி கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாகக் கேட்கவில்லை. தாகமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஏய்யா, எனக்குப் பயந்து சொல்றியா, உனக்குப் பயந்து சொல்றியா?"

அவன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான்.

"பயப்படாம போ. உன் பேரு என் வாயில வராது" என்றார் வேலாண்டி. "இத்தனை வருசம் வந்திருக்கா?"

இரண்டு நாள் கழித்து வேலாண்டி கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. இளம்பரிதி அரசு வக்கீலுக்குப் பின்னால், மூக்கு இருக்கிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மரகதவல்லி கேட்கக் கேட்க வேலாண்டி டிரம்மைப் பற்றிச் சொன்னார், துண்டைப் பற்றிச் சொன்னார். பிறகு அரசு வக்கீல் ஜெயசிங் எழுந்தார்.

"ஒருத்தன் வாயில கட்டின எச்சில் துண்டை இன்னொருத்தன் கட்டுவான்னு சொல்றீங்க. அருவருப்பா இருக்காது?"

"அருவருப்புப் பாத்தா உள்ள போக முடியாதுங்க. மூட்டையோட நிக்கையில ஒரு தும்மல் வந்தா ஆளு காலி."

"ஆளுக்கொரு துண்டு வெச்சுக்க வேண்டியதுதானே?"

"தோள்ல கெடந்தா அஞ்சு நிமிசத்துல காஞ்சு போகுங்க. காஞ்ச துண்டு நெடியைத் தடுக்காது. டிரம்முல கெடந்தாத்தான் எந்நேரமும் ஈரமா இருக்கும்."

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். ஜெயசிங்குக்கு அது பிடிக்கவில்லை.

"சரி, வேலை முடிஞ்சா துண்டெல்லாம் எங்க போகும்?"

"பிழிஞ்சு வாசல் கயித்துல போட்டுருவோம். ரோட்டோரந்தான். அந்த அம்மா செத்த அன்னைக்குக் காலையில எண்ணிப் பாத்தா ஏழுதான் இருந்துச்சு."

"ஓஹோ. துண்டு காணோம்னு புகார் கொடுத்தீங்களா?"

"துண்டைக் காணோம்னு ஸ்டேசனுக்குப் போனா அடிப்பாங்க சாமி."

கோர்ட்டே சிரித்தது. வாசலில் நின்ற தபேதார்கூடச் சிரித்தார். ஜெயசிங் குரலை உயர்த்தினார்.

"கூட்டாளியைக் காப்பாத்த எல்லாரும் சேர்ந்து ஜோடிச்ச கதை இது. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு மகன்."

"அவனும் இதே கூட்டந்தானா?"

"இல்லீங்க. அவன் வெளியூரு." வேலாண்டி தலையைத் திருப்பவில்லை. பெட்டியை மடியில் வைத்திருந்தவன் அதன் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரகதவல்லி எழுந்தார். "ஐயா, ஜோடனையா உண்மையான்னு இங்கேயே பார்த்துடலாம். மூக்கு இங்கே இருக்கு, பெரியவரும் இருக்கார். இவர் வேர்வையை எடுத்து அந்தத் துண்டோட ஒப்பிடச் சொல்லுங்க. துண்டு பொதுன்னா இவரும் அதுல இருப்பார். இல்லைன்னா நான் உட்கார்ந்துடறேன்."

"சாட்சிக்குச் சம்மதமா? உங்க வேர்வை அதில் இருந்தால் உங்களுக்கே சிக்கல் வரலாம், தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியுங்க. எடுத்துக்கங்க."

இளம்பரிதிதான் எடுக்க வேண்டும். கையுறை மாட்டினான். பஞ்சுத் துணியை எடுத்துக்கொண்டு கூண்டருகே போனான். சித்திரை வெயிலில் வேலாண்டியின் கழுத்தில் வேர்வை தானாகவே வழிந்துகொண்டிருந்தது. வெந்த தோலில் துணி பட்டதும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எரியுது சார். கொஞ்சம் மெதுவா" என்றார்.

சார் என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு அதிகாரியிடம் சொல்கிற மாதிரியே சொன்னார். அவன் வாழ்க்கையில் எத்தனையோ பேர் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே இறங்கினதில்லை.

துணியை மூக்கின் முன்னால் வைத்தான். சாட்சிப்பொருள் துண்டின் பதிவையும் திறந்தான். அரை நிமிஷம் ஆனது. பிறகு மூக்கு, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரலில் சொன்னது.

"ஆய்வக ஊழியர். இளம்பரிதி. கலப்படம். நீக்கப்பட்டது."

அப்புறம் சிரிப்பு. "மெஷினுக்கு வெயில் ஏறிடுச்சு" என்றான் ஒருவன்.

நீதிபதி சிரிக்கவில்லை. "உங்க பேரைத்தானே சொல்லுது? என்ன அர்த்தம்?"

இளம்பரிதிக்கு அர்த்தம் முதல் சொல்லிலேயே புரிந்துவிட்டது.

"ஆய்வகத்துல வேலை செய்யுறவங்க வேர்வை தவறிப் பட்டா ரிப்போர்ட் கெட்டுடும்னு, எங்க வேர்வையை எல்லாம் முதல்லயே தள்ளிடுற மாதிரி வெச்சிருக்கு ஐயா. யாருன்னு பேர் தேடுறதுக்கு முன்னாடியே தள்ளிடும். பாதி ஒத்துப்போனாலே தள்ளிடும்."

"பெரியவர் வேர்வையை உங்க வேர்வைன்னு தள்ளுது. அந்தத் துண்டு? அதிலும் இப்படித் தள்ளியிருக்கா?"

அவன் திரையைப் பார்த்தான். நீக்கியவை மூன்றாவது பக்கத்தில் வரும். ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கத்தை யாரும் படித்ததில்லை. அவனும் படித்ததில்லை.

"தள்ளியிருக்கு ஐயா. துண்டு வந்த முதல் நாளே."

ஜெயசிங் விரைந்து எழுந்தார். அவர் கெட்டிக்காரர். "ஐயா, இதில் ஒன்றும் இல்லை. ஊழியரின் கையுறை கிழிந்திருக்கும். துண்டிலும் கை பட்டிருக்கிறது, இப்போதும் பட்டிருக்கிறது. அவர் ஒப்புக்கொண்டால் ஒரு எச்சரிக்கையோடு முடித்துக்கொள்ளலாம்." பிறகு அவன் பக்கம் திரும்பி, தப்பிக்கக் கதவைத் திறந்துவிடுகிறவர் மாதிரிக் கேட்டார். "அப்படித்தானே இளம்பரிதி?"

ஆமா என்றால் போதும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஹேமலதாவுக்குக்கூடத் தெரியாது. அப்பா வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவுவார். சோலையப்பன் ஆயுளுக்கும் உள்ளே போவான்; போகும்போதும் இவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான்.

வேலாண்டி இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தார். 'ஆமான்னு சொல்லு' என்று அந்தப் பார்வை சொன்னதா, 'சொல்லாதே' என்று சொன்னதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றினான். கிழியாத கையுறை.

"கலப்படம் இல்ல ஐயா. இவர் எங்க அப்பா."

யாரும் சிரிக்கவில்லை.

"மகனுக்கும் அப்பாவுக்கும் பாதி ஒத்துப்போகும். அதான் நான்னு நினைச்சுத் தள்ளிருச்சு. துண்டுல இருக்கிறது எங்க அப்பா வேர்வை. அவர் அந்த வீட்டுக்குப் போனதால இல்ல. அந்த டிரம்முல எடுத்துக் கட்டினதால."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இந்தத் துண்டு வழக்கம் உங்களுக்கு எப்போ தெரியும்?"

"பதினேழு வயசுல. நானும் அங்கே மூட்டை தூக்கியிருக்கேன்."

"அப்படின்னா முதல் நாள் இதே கூண்டில், கைமாறிப் போக வழியே இல்லைன்னு சொன்னீங்களே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ஏன்?"

இதற்கு அவன் ஒரு நல்ல பதில் தேடினான். விதிமுறை, ஆய்வகத்தின் பெயர், ரிப்போர்ட்டுக்கு வெளியே பேசக்கூடாது என்கிற சுற்றறிக்கை. எல்லாம் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை.

"வெக்கமா இருந்துச்சு ஐயா."

டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்தி நீதிபதியைப் பார்த்தாள். இதையும் அடிக்கவா என்று கேட்கிற பார்வை.

"அடிங்கம்மா" என்றார் நீதிபதி. "துண்டில் இன்னும் எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்க மூக்கு ஏன் சொல்லல?"

"அதோட அடிப்படை விதி அப்படி ஐயா. ஒரு துண்டு, ஒரு ஆள். யாரோட வேர்வை கனமா இருக்கோ அவனை மட்டும் சொல்லும். மத்ததை இரைச்சல்னு விட்டுடும். செஞ்சவங்க ஆளுக்கொரு துண்டு வெச்சுத் துடைக்கிறவங்க."

"அந்த விதியையும், ஊழியர் வேர்வையைத் தள்ளுறதையும் எடுத்துட்டு ஓட்ட முடியுமா?"

"முடியும்."

ஓட்டினான். பெண் குரல் ஒவ்வொன்றாகச் சொன்னது. "சோலையப்பன், சுமை தூக்குபவர். தவிடன், சுமை தூக்குபவர். பேச்சியப்பன், சுமை தூக்குபவர். வேலாண்டி, சுமை தூக்குபவர். மாடக்கண்ணு, சுமை தூக்குபவர்." கொஞ்சம் இடைவெளி விட்டது. "பதிவில் இல்லாதவர், ஒருவர்."

சோலையப்பன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான். கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. பின் பெஞ்சில் அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஆறாவது ஆள் யாரு சார்?" மரகதவல்லி உட்கார்ந்தபடியே கேட்டார். குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"தெரியாதும்மா. செத்தவங்க இல்ல; அவங்களது எச்சில், இது வேர்வை. வேர்வை கொடுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்காத ஒரு ஆள்."

ஜெயசிங் வழக்குக் கட்டை மூடி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு நீதிபதி கேட்டார். அதட்டவில்லை. கணக்கு வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்கிற மாதிரி.

"இளம்பரிதி, இந்த வழக்குக்கு முன்னாடி எத்தனை வழக்கில் கூண்டேறி 'போகாது'ன்னு சொல்லியிருக்கீங்க?"

"நாப்பத்தோரு வழக்கு ஐயா."

"எத்தனையில் தண்டனை?"

"முப்பத்தெட்டு."

"அந்த முப்பத்தெட்டு வழக்கில் உள்ளே போனவங்கள்ல சொந்தமா ஒரு துண்டு வெச்சிருந்தவங்க எத்தனை பேர்?"

செங்கல் சூளைக்காரன் ஒருத்தன் இருந்தான். கட்டட வேலை செய்கிற அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள், ஒரே போர்வையில் படுக்கிறவர்கள். கல் குவாரியிலிருந்து ஒரு கிழவர். கூண்டில் நின்று அழுத முகங்கள் சில ஞாபகம் இருந்தன. பெயர்கள் இல்லை.

"கேக்கல ஐயா" என்றான் இளம்பரிதி. "ஒருத்தர்கிட்டயும் கேக்கல."

அதுவரைக்கும் தலை நிமிர்ந்து நின்ற வேலாண்டி, சாட்சிக் கூண்டின் மரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் தலையைக் குனிந்தார்.